ரோசிக்கு நான் கொடுத்த மாத்திரை

எண்பதுகளின் பின்பாதியில், இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வாரத்தில் நடந்தது இது. அப்போது நான் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், கல்வராயன் மலை எதிரே நீலமாகத் தெரிகிற ஓர் ஊரில் குடியிருந்தேன். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. ஊர்க்காரர்களுக்கு நான் கம்பவுண்டர். வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. மருந்து விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

நான் இருந்தது ஒரு வீட்டின் பின்பகுதியில். முன்பகுதியில் வீட்டுக்காரர், சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்த ஓர் அக்கா. அவர் கணவர் பம்பாயில் வெல்டர். கிறிஸ்துமஸுக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அக்காவுக்குத் துணை ரோசிதான். சின்ன உடம்பு, பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும் நாட்டு நாய். அக்கா காலையில் மையத்துக்குக் கிளம்பினால் ரோசியும் கூடவே போய் வாசலில் விட்டுவிட்டு, தனியாகத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும்.

மறியல் தொடங்கிய முதல் நாளே பஸ் நின்றுவிட்டது. கடை இல்லை, தபால் இல்லை, எங்கள் சுகாதார நிலையமும் பூட்டிக் கிடந்தது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பெரிய புளியமரம் விழுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். முதலில் கிளைகள் படபடவென்று முறியும், அப்புறம் தரையே ஒருமுறை அதிர்ந்து அடங்கும். நடுநடுவே கோஷம், அதிர்வேட்டு. மனிதர்களுக்கே நெஞ்சு திக்கென்றது. ரோசி அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. இரண்டு நாள் சோறு தொடவில்லை. இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தது. மூன்றாம் நாள் காலை வேட்டுச் சத்தம் கேட்டதும் கொல்லைக் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி முன்கால் நகங்களில் ரத்தம் வந்துவிட்டது.

அன்று பத்து மணி இருக்கும். மையத்தில் இருந்த அரிசி மூட்டைகளைப் பத்திரமாகப் பூட்டிவிட்டு வரவேண்டும் என்று அக்கா கிளம்பினார்.

"தம்பி, செத்த நேரம் ரோசியப் பாத்துக்கினு இருங்க. நான் ஓடிட்டு ஓடியாந்துர்றேன். கதவத் தொறந்து வுட்றாதீங்க, எங்கனா ஓடிடப் போவுது" என்றார்.

"நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் இன்னொரு மரம் விழுந்தது. ரோசி நடுங்கிய நடுக்கத்தில் பீப்பாயே கடகடவென்று ஆடியது. எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. என் பெட்டியில் மாத்திரை இருந்தது ஞாபகம் வந்தது. முந்தைய வருஷம் அம்மா இறந்தபின் எனக்குத் தூக்கம் வராமல், காரணமில்லாமல் படபடப்பு வந்துகொண்டிருந்தபோது எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தது. மீதி அப்படியே கிடந்தது. மனிதனுக்குப் பதற்றத்தைத் தணிக்கிற மாத்திரை நாய்க்கும் தணிக்கத்தானே வேண்டும்? சின்ன உடம்பு, அதனால் பாதி மாத்திரை. வெல்லத்தில் வைத்துக் கொடுத்தேன்.

அரை மணி நேரம் பார்த்தேன். நடுக்கம் நிற்கவில்லை. இன்னும் ஒன்று கொடுத்தேன்.

அப்புறம்தான் விநோதமாக ஒன்று நடந்தது. இரண்டு நாளாகப் பீப்பாய்க்குப் பின்னாலேயே கிடந்த ரோசி வெளியே வந்தது. சரி, வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அது நிற்காமல் நடந்தது. சுவரில் போய் முட்டிக்கொண்டு திரும்பியது. பின்னங்கால் இரண்டும் குடித்தவன் கால் மாதிரி பின்னிக்கொண்டன. காலிச் சட்டியை வெறிபிடித்த மாதிரி நக்கியது, முனகியது, மறுபடி நடந்தது. என்னைப் பார்த்த பார்வையில் என்னை அடையாளம் தெரிந்ததாகவே இல்லை.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மருந்து போதவில்லை, அதனால்தான் இப்படி அலைகிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, மேலும் இரண்டு மாத்திரை கொடுத்தேன். அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. சுகாதார நிலையத்தில் யாராவது பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்று சொன்னால், வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் அவரைத் திட்டியவன் நான்.

அக்கா திரும்பி வந்தபோது ரோசி தரையில் துணி மாதிரி கிடந்தது. வாய் ஓரமாக எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் காது அசையவில்லை. மூச்சு மட்டும் நின்று நின்று வந்தது.

"ஐயோ, இன்னா ஆச்சு தம்பி? நல்லாத்தான இருந்துச்சு!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "கொல்லப் பக்கம் கரும்புக்கு நேத்து மருந்து அடிச்சிக்கினு இருந்தாரே அந்த ஆளு! ராத்திரி செத்த நேரம் இத்த நான்தான வெளிய தூக்கிக்கினு போயி வுட்டேன். எதையோ நக்கிட்டு வந்திருக்குது. ஆண்டவரே!"

"இருக்கும்க்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது. சொன்னபிறகு திருப்பி எடுக்கத் தைரியம் வரவில்லை.

கால்நடை மருத்துவமனை கள்ளக்குறிச்சியில் இருந்தது, எட்டு கிலோமீட்டர். ரோசியைப் போர்வையில் சுற்றி என் சைக்கிள் கேரியரில் வைத்தோம். அக்கா பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, நான் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு கிலோமீட்டர் கூடப் போயிருக்க மாட்டோம், முதல் மரம் வந்துவிட்டது. அடிமரம் இடுப்பு உயரம். அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. முப்பது நாற்பது பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நான்கைந்து பேர் எழுந்து வந்து, ஒரு வண்டியும் போகக் கூடாது என்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் கொல்லையை ஒட்டிக் கரும்பு போட்டிருந்த விவசாயியும் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், தோளில் ஒரு பச்சைத் துண்டு. அவரைப் பார்த்ததும் அக்காவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்துவிட்டன.

"உங்க மருந்துதாண்ணே! நீங்க அடிச்ச மருந்துதான் இத இப்புடிப் போட்டுடுச்சு. வாயில்லா ஜீவன், வூட்டுல இருக்கறது இது ஒண்ணுதான எனக்கு!" என்று சத்தமாகச் சொன்னார்.

கூட்டம் எழுந்து நின்றது. அந்த நாட்களில் ஒரு தெருவுக்கும் இன்னொரு தெருவுக்கும் நடுவே ஏற்கெனவே நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. அக்கா வேறு தெரு. "யாரப் பாத்து இன்னா பேசற நீ?" என்று ஒருவன் முன்னால் வந்தான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கரும்புக்காரர்தான் அவனைக் கையால் தடுத்தார். குனிந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"உசுரு இருக்குதா கம்பவுண்டர் சார்?"

"இருக்கு."

"சைக்கிள் இதுக்கு மேல போவாது. வழி பூரா மரம். தூக்கிக்கினுதான் போவணும்" என்று சொல்லிவிட்டு, வெட்டிப் போட்டிருந்த கிளை ஒன்றை எடுத்து, கொடுவாளால் இலையும் சிம்பும் சீவினார். போர்வையின் நான்கு முனைகளையும் அதில் முடிந்து தூளி போல் கட்டினார். முன்பக்கம் அவர் தோள், பின்பக்கம் என் தோள். அக்கா பக்கத்தில் ஒரு கையால் ரோசியின் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தார். அடுத்தடுத்த மறியல்களில் எல்லாம் கரும்புக்காரரைப் பார்த்ததும் வழி விட்டார்கள். ஒரு இடத்தில் நான்கு பேர் மரத்தின்மேல் ஏறி நின்று தூளியைக் கைமாற்றி இறக்கிக் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் ஒருவர் சோப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து, "ஊத்துங்க, வாந்தி எடுத்தா வெசம் எறங்கிடும்" என்றார். அக்கா வாங்கிவிட்டார். நான் தட்டிவிட்டேன். மயங்கிக் கிடக்கிற உயிரின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போய்விடும். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மற்றபடி அந்த வழி முழுவதும் என் கண்ணுக்குத் தெரிந்தது கரும்புக்காரரின் பிடரி. வெயிலில் வியர்வை வழிந்து துண்டு நனைந்துவிட்டது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை மட்டும் அவர் திரும்பாமலே கேட்பார், "மூச்சு வருதா சார்?" நானும் "வருது" என்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அடுத்த சொல்லையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அதற்குள் அடுத்த மரம் வந்துவிடும்.

மருத்துவமனையில் டாக்டர் மட்டும்தான் இருந்தார். என் வயதுதான், வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உதவியாளர் எலவனாசூர்கோட்டையில் வீட்டோடு மாட்டிக்கொண்டார், பஸ் இல்லை. மேசைமேல் ரோசியைக் கிடத்தியதும் டாக்டர், "என்ன சாப்பிட்டுச்சு?" என்றார்.

"கரும்புக்கு அடிச்ச மருந்து" என்றார் அக்கா.

"என் வயல்லதாங்க" என்றார் கரும்புக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டர் ரோசியின் இமையை விரித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "எச்சில் ஒழுகுது, சரி. ஆனா பூச்சிமருந்துன்னா கண்மணி சுருங்கணுமே, சுருங்கலையே..." என்று தனக்குள் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க ஃபார்மசிஸ்ட்னு சொன்னீங்க இல்ல? அந்த அலமாரியில பூச்சிமருந்துக்கு மாற்று ஊசி இருக்கு. உடைச்சு ஏத்துங்க. நேரம் போகுது" என்றார்.

அந்த மருந்தை எனக்கு நன்றாகத் தெரியும். பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு எங்கள் நிலையத்தில் எத்தனையோ தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விஷம் உள்ளே இருந்தால் அது உயிரைக் காக்கும். விஷமே இல்லாத உடம்பில் அவ்வளவையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தேன். ஊசியில் ஏற்றினேன். டாக்டர் கையை நீட்டினார். என்னால் கொடுக்க முடியவில்லை.

"சார், இது பூச்சிமருந்து இல்ல. நான்தான் மாத்திரை கொடுத்தேன்."

டாக்டர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "என்ன மாத்திரை?" என்றார் டாக்டர். பெயரைச் சொன்னேன். "எத்தனை?" என்றார். "மூணரை" என்றேன். "கடைசியா எப்போ?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் அக்காவிடம் திரும்பி, "இதுக்கு வேற ஏதாவது மருந்து கொடுத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்றார்.

"நீங்கதான சார் போன வாரம் அரிப்புக்கு மாத்திரை தந்தீங்க? தெனம் ரெண்டு வேள கொடுத்துக்கினு வர்றேன். காலைல கூட கொடுத்தேன்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த அரிப்பு மாத்திரையும் தூக்கம் தருவதுதான். இரண்டும் சேர்ந்துகொண்டன. வேறு என்ன மருந்து ஓடுகிறது என்று ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதைக் கேட்பதுதான் என் தொழில்.

அதன்பிறகு டாக்டர் என்னைத் திட்டுவதற்கு நேரம் செலவழிக்கவில்லை. வேலை வாங்கினார். குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். காலும் காதும் சில்லிட்டிருந்ததால் வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார். கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, எச்சில் தொண்டையில் தேங்காமல் துடைத்துக்கொண்டே இருந்தார். அரை மணிக்கு ஒருமுறை வலப்பக்கம், இடப்பக்கம் என்று திருப்பிப் போட்டோம். அக்கா விலாவில் கை வைத்து மூச்சை எண்ணினார். கரும்புக்காரர் வெளியே அடுப்பு மூட்டி வெந்நீர் போட்டுக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை, அவரும் கிளம்பவில்லை.

நான்கு மணி வாக்கில் ரோசி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. அது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், அன்றைக்கு எங்களுக்கு ஆமாம். கொஞ்ச நேரத்தில் அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டதும் மடிந்த காது ஒருமுறை துடித்தது. ஐந்து மணிக்குத் தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் அக்காவின் கையிலேயே வைத்துக்கொண்டது.

அப்போதுதான் டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "பயந்த நாய்க்கு மருந்தே கொடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. சில சமயம் நானே கொடுப்பேன். ஆனா எடை பார்த்து, ஈரல் எப்படி இருக்கு, வேற என்ன ஓடுதுன்னு கேட்டுட்டுத்தான். சில நாய்க்கு இந்த மாத்திரை அடக்கறதுக்குப் பதிலா கிறுக்குப் பிடிக்க வைக்கும். அதைப் பார்த்து இன்னும் கொடுத்தா இந்தக் கதிதான். நம்ம பெட்டியில இருக்கறதை எடுத்துப் போடவே கூடாது. பூனையா இருந்தா இன்னும் மோசம், அதோட ஈரலுக்கு நம்ம மருந்து பலதும் ஆகாது" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "சொன்னீங்களே, அதனால நான் ஊசி போடாம இருந்தேன். ஆனா நீங்க வாசல்லயே சொல்லியிருக்கணும்" என்றார்.

நான் தலையாட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கரும்புக்காரரிடம் போய், "அண்ணே, அத்தன பேர் எதிர்ல உங்களப் பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வுடும்மா. நீ சொன்னத நானே நம்பிட்டேன். நேத்து மருந்து கலக்குன டப்பாவ வரப்புலயே வெச்சிட்டு வந்தது நெனப்பு வந்துருச்சு. அத நக்கி இது செத்துருந்தா, நாளைக்கு ஒரு கொழந்த போயி தொட்டுட்டா... அத நெனச்சிக்கினே வந்தேன். வழி பூரா காலு நடுங்கிச்சு எனக்கு."

அக்கா என்னைத் திட்டியிருந்தாலோ, அவர் என் சட்டையைப் பிடித்திருந்தாலோ எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே வழி முழுவதும் வந்தவன் நான். முன்னால் போன கால்கள் நடுங்கியதை, மரங்களைத் தாண்டுகிற களைப்பு என்றே நினைத்துக்கொண்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சார்" என்றார். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும் என்று முன்னால் நடந்துவிட்டார்.

அக்காவும் ரோசியும் அன்றிரவு மருத்துவமனை வராந்தாவிலேயே தங்கினார்கள். ரோசி பிழைத்துக்கொண்டது. இரண்டு நாளில் பழையபடி சட்டியைக் காலி செய்தது. அக்கா என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் வெளியே போகும்போது ரோசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் மட்டும், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார், "வழியில சொல்லியிருக்கலாமில்ல தம்பி?" நான் வாளியில் இருந்த அடுத்த துணியைப் பிழிந்து நீட்டினேன்.

அந்தத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, அக்கா ரோசியைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க" என்றார். டாக்டர் ரோசியைத் தராசில் நிறுத்தி எடை பார்த்தார். அரிப்பு மாத்திரை நின்று எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். பிறகு பொட்டலம் பொட்டலமாக மருந்து மடித்துக் கொடுத்து, ஒன்றை மட்டும் சத்தமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கிறுக்குப் பிடித்தால் அதோடு நிறுத்திவிட்டு அவரிடம் வரவேண்டும். நன்றாக இருந்தால்தான் தீபாவளிக்கு, அதுவும் வெடி ஆரம்பிப்பதற்கு முன்பே. இரண்டு வேளைக்கு நடுவே அவர் சொன்ன நேரத்தைக் குறைக்கக் கூடாது. ஜன்னலுக்குக் கனமான துணி, சத்தமாக ரேடியோ, பக்கத்தில் தெரிந்த ஓர் ஆள். இதெல்லாம் இல்லாமல் மருந்து மட்டும் போதாது என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் அக்காவும் ரோசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டு நன்றாகத் தூங்கியது. தீபாவளியன்று ரேடியோவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பெரிய வெடிக்கு மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தது. அன்று மத்தியானம் அக்கா பக்கத்துத் தெருவில் தீபாவளி விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்குப் போகும்போது, "பாத்துக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு சொல் எனக்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

பிறகு மாற்றலாகி எத்தனையோ ஊர் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். மருந்தில் தவறு செய்வது மனிதனுக்கு நேரக்கூடியதுதான், அதைச் சரிசெய்ய டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் செய்ததை நான்தான் செய்தேன் என்று சொல்ல எடுத்துக்கொண்ட அந்த எட்டு கிலோமீட்டரில், ஒரு நல்ல மனிதரை அவர் செய்யாத குற்றத்தோடு கால் நடுங்க நடக்கவைத்துவிட்டேனே, அதைச் சரிசெய்ய எந்த ஊசியும் இல்லை என்பதை நினைக்காமல் இன்றுவரை ஒரு மாத்திரை அட்டையைக்கூட நான் கையில் எடுத்ததில்லை.